பொம்மையும் செய்யும், துப்பாக்கியும் செய்யும்... வீட்டுக்குள் வந்துவிட்ட 3டி பிரின்டர் - பயப்பட வேண்டுமா?

2024 டிசம்பர் 4. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் பொழுது விடிந்துகொண்டிருந்த நேரம். 'யுனைடெட் ஹெல்த்கேர்' இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பிரையன் தாம்சன், கூட்டம் ஒன்றில் பேசுவதற்காக ஹில்டன் ஹோட்டலை நோக்கி நடந்து வந்தார். பின்னாலிருந்து வந்த முகமூடி மனிதர் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தப்பினார். ஐந்து நாள் கழித்து, பென்சில்வேனியா மாநிலத்தின் அல்டூனா நகரில், ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 26 வயது இளைஞரைப் போலீஸ் பிடித்தது. அவர் தன் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்திருக்கிறார்.

அந்த இளைஞரின் பையில் இருந்ததாகப் போலீஸ் சொன்ன பொருள்தான் உலகம் முழுக்கப் பேச்சானது. அது கடையில் வாங்கிய துப்பாக்கி இல்லை. 3டி பிரின்டரில் அச்சிட்ட பாகங்களை வைத்துச் சேர்த்த துப்பாக்கி. சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரும் அப்படி அச்சிட்டதுதான் என்றது போலீஸ். எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை.

'பிரின்டரில் துப்பாக்கியா?' என்று பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். ஆனால், இந்தக் கதைக்கு 10 வயது தாண்டிவிட்டது.

முறுக்கு உரல் மாதிரிதான்!

முதலில் இந்த பிரின்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வீடுகளில் புழங்கும் 3டி பிரின்டரைப் புரிந்துகொள்ள நம் சமையலறையே போதும். மாவை உரலில் போட்டு அழுத்தினால் கம்பியாக இறங்குகிறது. கையைச் சுற்றினால் முறுக்காகிறது. பிரின்டரில் மாவுக்குப் பதில் பிளாஸ்டிக் இழை. அதை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி, மெல்லிய கம்பியாகத் தட்டின் மீது இழைக்கும். ஒரு அடுக்கு முடிந்ததும் அதன் மேல் இன்னொரு அடுக்கு. சில மணி நேரத்தில் ஒரு பொம்மையோ, பூந்தொட்டியோ, உடைந்துபோன மிக்ஸி குமிழுக்கு மாற்றோ எழுந்து நிற்கும். கை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது ஒரு கணினிக் கோப்பு. அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர் அந்தப் பொருளைச் செய்துகொள்ளலாம்.

1980களில் அமெரிக்கர் சக் ஹல் இந்தத் தொழில்நுட்பத்துக்கு வித்திட்டார். அப்போது அது பெரிய தொழிற்சாலைகளின் சொத்து. 2005-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் போயர், தன் பாகங்களையே அச்சிட்டுக்கொள்ளும் மலிவான பிரின்டர் ஒன்றை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கி, அதன் வடிவத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 2009-ல் முக்கியமான காப்புரிமை ஒன்று காலாவதியானது. அதன் பிறகு விலை மளமளவென்று சரிந்தது. லட்சங்களில் இருந்த இயந்திரம் இன்று ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் விலைக்கு வந்துவிட்டது.

இரண்டு நாளில் ஒரு லட்சம்

2013 மே மாதம். டெக்சாஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 25 வயது கோடி வில்சன், ஏறக்குறைய முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு கைத்துப்பாக்கியை அச்சிட்டு, வெடித்தும் காட்டினார். 'லிபரேட்டர்' என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது எதிரி பிடித்த நாடுகளில் போராடுபவர்களுக்குக் கொடுப்பதற்காக அமெரிக்கா தயாரித்த மலிவுத் துப்பாக்கியின் பெயர் அது. 'துப்பாக்கி வைத்திருப்பது உரிமை, அதை அரசு கட்டுப்படுத்தவே கூடாது' என்பது வில்சனின் கட்சி. தன் 'டிஃபென்ஸ் டிஸ்ட்ரிபியூட்டட்' அமைப்பின் மூலம் அந்தக் கோப்பை இணையத்தில் ஏற்றினார்.

இரண்டே நாளில் ஒரு லட்சம் முறைக்கு மேல் அது பதிவிறக்கமானது. அமெரிக்க வெளியுறவுத்துறை விழித்துக்கொண்டு, 'ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறியிருக்கலாம். உடனே எடு' என்றது. அவரும் எடுத்துவிட்டார். அதற்குள் கோப்பு உலகம் சுற்றிவிட்டது. கொட்டிய நெல்லை அள்ளலாம், பறந்த பஞ்சை அள்ள முடியுமா?

பிறகு வழக்கு நடந்தது. 2018-ல் அமெரிக்க அரசு திடீரென வில்சனுடன் சமரசம் செய்துகொண்டது. ஆகஸ்ட் 1 முதல் கோப்புகளை வெளியிடலாம் என்ற நிலை. பல மாநிலங்கள் நீதிமன்றத்துக்கு ஓடின. ஜூலை 31 அன்று, கடைசி நேரத்தில், சியாட்டில் நீதிபதி ராபர்ட் லாஸ்னிக் தடை விதித்தார். 'இது ஆயுதமா, பேச்சுரிமையா?' என்பதுதான் அந்த வழக்குகளின் அடிநாதம். ஒரு துப்பாக்கியைப் பறிமுதல் செய்யலாம். துப்பாக்கி செய்யும் விவரத்தை எப்படிப் பறிமுதல் செய்வது?

இன்னொரு கவலையும் அப்போது எழுந்தது. மெட்டல் டிடெக்டரில் சிக்காத துப்பாக்கிக்கு அமெரிக்காவில் 1988 முதலே தடை உண்டு. ஆனால், பிளாஸ்டிக் துப்பாக்கியில் சிக்குவதற்கு என்ன இருக்கிறது? 2013-ல் இஸ்ரேலியத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அச்சிட்ட துப்பாக்கி ஒன்றை, தோட்டா இல்லாமல், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டினார்கள். பாதுகாப்பு அதிகாரிகளின் முகம் வெளுத்தது.

சுடுபவர் கையிலேயே வெடிக்கும்

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் போலீஸ், இந்தத் துப்பாக்கியைத் தாங்களே அச்சிட்டுச் சோதித்தது. செய்தது இரண்டு. அதில் ஒன்று சுடும்போதே சிதறிப்போனது. அமெரிக்காவின் ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.டி.எஃப். நடத்திய சோதனையிலும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தது தூள்தூளானது. அந்த வீடியோவை அவர்களே வெளியிட்டார்கள்.

காரணம் எளிது. தோட்டா வெடிக்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்தத்தைத் தாங்குவதற்குத்தான் துப்பாக்கிக் குழலை எஃகில் செய்கிறார்கள். அடுக்கடுக்காக ஒட்டிய பிளாஸ்டிக்குக்கு அந்த வலு கிடையாது. அடுக்குகள் சேரும் இடத்தில் பிளந்துகொள்ளும். விளையாட்டாகச் செய்து பார்க்கும் பையனுக்கு முதலில் போவது அவனுடைய விரலும் கண்ணும்தான். எதிரே நிற்பவருக்கு என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

ஆனால், 'அதெல்லாம் பொம்மைத் துப்பாக்கி' என்று இன்று ஒதுக்கிவிட முடியாது. கடந்த 10 ஆண்டுகளில் வந்த வடிவங்கள் முழுப் பிளாஸ்டிக்கை நம்புவதில்லை. பிளாஸ்டிக் பாகங்களோடு உலோகத்தையும் சேர்த்துக்கொள்கின்றன. அதனால்தான் காவல்துறைகளின் கவலை கூடியிருக்கிறது.

பேய்த் துப்பாக்கிகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வரிசை எண் போட வேண்டும் என்பது 1968-ம் ஆண்டுச் சட்டம். கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்தக் கடையில், யாருக்கு விற்றது என்று போலீஸ் போய்ச் சேரும். வீட்டில் செய்த துப்பாக்கிக்கு எண் கிடையாது. வந்த வழியும் தெரியாது. அதனால் அதை அங்கே 'கோஸ்ட் கன்', அதாவது 'பேய்த் துப்பாக்கி' என்கிறார்கள்.

2021-ல் மட்டும் குற்ற வழக்குகளில் பிடிபட்டதாக ஏ.டி.எஃப். அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்ட பேய்த் துப்பாக்கிகள் சுமார் 20,000. இது 2016-ல் இருந்ததைப் போல 10 மடங்கு. இவற்றில் பெரும்பங்கு 3டி பிரின்டரில் பிறந்தவை அல்ல. முக்கால்வாசி செய்து முடித்த பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்பார்கள், வாங்குபவர் வீட்டில் மீதி வேலையை முடித்துப் பூட்டிக்கொள்வார். 'இது துப்பாக்கியே இல்லை, வெறும் பாகம்தான்' என்று விற்பவர்கள் சொல்லித் தப்பித்து வந்தார்கள். 2022-ல் அமெரிக்க அரசு, 'இந்தப் பெட்டிக்கும் எண் வேண்டும், வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும்' என்று விதி கொண்டுவந்தது. 2025 மார்ச் மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்த விதி செல்லும் என்றது.

பெட்டி விற்பவரைச் சட்டத்தால் பிடிக்க முடிந்தது. அடுத்த சிக்கல், பெட்டியே தேவைப்படாத பிரின்டர்.

இதில் இன்னொரு கிளையும் உண்டு. நாணயம் அளவிலான சின்னஞ்சிறு பாகம் ஒன்று, சாதாரணக் கைத்துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கிபோல் சடசடவெனச் சுட வைத்துவிடும். 'ஸ்விட்ச்' என்று இதைச் சொல்கிறார்கள். உலோகத்திலும் வருகிறது, பிரின்டரிலும் அச்சாகிறது. 2017-க்கும் 2021-க்கும் இடையே இப்படிப்பட்ட 5,454 பாகங்கள் பிடிபட்டதாக ஏ.டி.எஃப். கணக்கு சொல்கிறது. முந்தைய ஐந்து ஆண்டுகளைவிட 570 சதவிகிதம் அதிகம். முழுத் துப்பாக்கியை அச்சிடுவதைவிட இது எளிது என்பதால், அமெரிக்கப் போலீஸாரின் பெரிய தலைவலி இப்போது இதுதான்.

ஒரு மரக்கதவு காப்பாற்றிய உயிர்கள்

2019 அக்டோபர் 9. யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர். ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள யூத ஆலயத்தில் 50 பேருக்கு மேல் பிரார்த்தனையில் இருந்தார்கள். வெறுப்பு தலைக்கேறிய ஓர் இளைஞன் வெளியே வந்து நின்றான். கையில் அவனே செய்த துப்பாக்கிகள். சில பாகங்கள் 3டி பிரின்டரில் அச்சிட்டவை. வீட்டில் செய்த ஆயுதங்களே போதும் என்று உலகுக்கு நிரூபிப்பதும் அவன் நோக்கங்களில் ஒன்று. எல்லாவற்றையும் இணையத்தில் நேரலை செய்தான்.

ஆலயத்தின் கனமான மரக்கதவைச் சுட்டுப் பார்த்தான். திறக்கவில்லை. துப்பாக்கிகள் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டன. உள்ளே இருந்த எல்லோரும் தப்பினார்கள். ஆனால் ஆத்திரத்தில் அவன் தெருவில் சென்ற ஒரு பெண்ணையும், அருகே ஓர் உணவகத்தில் இருந்த இளைஞர் ஒருவரையும் சுட்டுக் கொன்றான். 2020 டிசம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குண்டுத் தடங்களோடு இருக்கும் அந்தக் கதவு இன்று நினைவுச் சின்னம்.

அந்த நாளை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அரைகுறை ஆயுதம் பழுதானதால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. அதே அரைகுறை ஆயுதம்தான் இரண்டு உயிர்களைக் குடித்தது.

ஜப்பான் கற்ற பாடம்

துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் உலகிலேயே கண்டிப்பான நாடுகளில் ஒன்று ஜப்பான். 2014 மே மாதம் கவாசாகி நகரில் 27 வயதுக் கல்லூரி ஊழியர் ஒருவரின் வீட்டைச் சோதித்தபோது, 3டி பிரின்டரில் செய்த ஐந்து துப்பாக்கிகள் கிடைத்தன. அவற்றில் இரண்டு நிஜத் தோட்டாவைச் சுடக்கூடியவை. தோட்டா ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அப்படியும் யோகோஹாமா நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இணையத்தில் செய்முறையைப் பரப்பியதையும் நீதிமன்றம் கடுமையாகப் பார்த்தது.

அந்த வழக்கைக் கிட்டத்தட்ட மறந்துபோயிருந்த வேளையில், 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தேர்தல் பிரசாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளியின் கையில் இருந்ததும் வீட்டில் செய்த துப்பாக்கிதான். ஆனால், அதைச் செய்ய 3டி பிரின்டர் தேவைப்படவில்லை. எல்லோரும் வாங்கக்கூடிய சாதாரணப் பொருட்களே போதுமாக இருந்தன.

பிரின்டரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரின்டர் வருவதற்கு நூற்றாண்டுகள் முன்பிருந்தே மனிதர்கள் வீட்டில் துப்பாக்கி செய்திருக்கிறார்கள். நம் ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிகளில் 'நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படையுங்கள், வழக்கு இல்லை' என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லையே! ஆனால், நாட்டுத் துப்பாக்கி செய்ய ஒரு கொல்லரின் கைப்பழக்கம் வேண்டும். அந்தத் திறமை ஊருக்கு ஒருவரிடம் இருக்கும். அவர் யாரென்று ஊருக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். பிரின்டர் அந்தக் கைப்பழக்கத்தைக் கோப்பாக மாற்றி, கதவைச் சாத்திக்கொண்ட அறைக்குள் கொண்டுவந்துவிட்டது. மாறியிருப்பது இதுதான்.

மியான்மர் காட்டுக்குள்...

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்து ஊர்வலம் போன இளைஞர்கள் மீது குண்டு பாய்ந்தது. காட்டுக்குள் போன அவர்களில் சிலர், ஆரம்ப நாட்களில் ஆயுதம் இல்லாமல் தவித்து, 3டி பிரின்டரில் செய்த துப்பாக்கிகளைப் பிடித்தார்கள். 'கொடுங்கோன்மையை எதிர்க்க இதுவே வழி' என்று சொல்லும் ஆயுத உரிமைக்காரர்கள் சுட்டிக்காட்டுவது இவர்களைத்தான்.

ஆனால், கோப்புக்குக் கண் கிடையாது. மியான்மர் இளைஞன் இறக்கிய அதே வகைக் கோப்பை ஐரோப்பாவின் வெறுப்புக் கும்பல்களும் இறக்கின. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில், 3டி பிரின்டரை வைத்து ஆயுதம் செய்த ரகசியப் பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்ததாக அந்நாட்டுப் போலீஸ் 2021-ல் அறிவித்தது. லண்டனில் பிடிபட்ட மாணவர் ஒருவர், 'கல்லூரி சினிமாவுக்காகச் செய்தேன்' என்றார். 2019-ல் அவருக்கு மூன்று ஆண்டு சிறை கிடைத்தது.

பிரின்டரே 'முடியாது' என்று சொல்லுமா?

கலர் ஜெராக்ஸ் கடையில் ரூபாய் நோட்டை நகலெடுக்க முயன்றால் என்ன ஆகும்? பல நாட்டு நோட்டுகளில் சிறு வட்டங்களால் ஆன ஓர் அமைப்பு ஒளிந்திருக்கும். அதைக் கண்டால் பல கலர் ஜெராக்ஸ் இயந்திரங்கள் வேலையை நிறுத்திவிடும். 3டி பிரின்டரும் துப்பாக்கிப் பாகத்தைக் கண்டால் மறுக்கும்படி செய்யக் கூடாதா? 2025-ல் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆல்வின் பிராக், முன்னணி 3டி பிரின்டர் நிறுவனம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி இதைத்தான் கேட்டார். நியூயார்க் மாநிலத்தில் பிரின்டர் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்றுகூட மசோதா கொண்டுவந்தார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. செய்வதுதான் கஷ்டம். ரூபாய் நோட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். துப்பாக்கிப் பாகம் அப்படியில்லை. ஒரு குழாயை அச்சிடும்போது அது தண்ணீர்க் குழாயா, வேறு எதற்கான குழாயா என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால் தடையைத் தாண்டிவிடலாம். பல பிரின்டர்களின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். வீட்டிலேயே பிரின்டரைக் கூட்டிச் சேர்ப்பவர்களும் உண்டு.

மனிதர்களே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. 2013 அக்டோபரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் போலீஸ், 'பிரின்டரில் செய்த துப்பாக்கியின் பாகங்களைப் பிடித்துவிட்டோம்' என்று பரபரப்பாக அறிவித்தது. படத்தைப் பார்த்த பிரின்டர் ஆர்வலர்கள் சிரித்துவிட்டார்கள். போலீஸ் 'ட்ரிகர்' என்று சொன்னது, அதே பிரின்டருக்கான உதிரிப் பாகம். அனுபவமுள்ள அதிகாரிகளுக்கே தடுமாற்றம் என்றால், இயந்திரம் எத்தனை அப்பாவிகளின் வேலையை நிறுத்தும்?

இணையதளங்களும் தங்கள் பங்குக்கு முயல்கின்றன. 2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 3டி வடிவங்களைப் பகிரும் பிரபலமான 'திங்கிவெர்ஸ்' தளம் துப்பாக்கிப் பாகங்களின் கோப்புகளை நீக்கியது. அவை வேறு தளங்களுக்கு நகர்ந்தன.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2015-ல் துணிந்து ஒரு படி மேலே போனது. துப்பாக்கி செய்வதற்கான டிஜிட்டல் கோப்பை அனுமதியின்றி வைத்திருப்பதே அங்கே குற்றம். அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. சிங்கப்பூரும் 2021-ல் நிறைவேற்றிய சட்டத்தில் இத்தகைய கோப்புகளை அனுமதியின்றி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. அபே கொலைக்குப் பின் ஜப்பானும் 2024-ல் சட்டத்தைத் திருத்தி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருக்க இணையத்தில் தூண்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சொந்த உபயோகத்துக்காகத் துப்பாக்கி செய்துகொள்ள மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுவதில்லை. சில மாநிலங்கள் மட்டும் தனியாகக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

இந்தியாவில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிக்கவே கூடாது. 'விற்கவில்லை, சும்மா செய்து பார்த்தேன்' என்பது காப்பாற்றாது. துப்பாக்கியின் பாகங்களும், துப்பாக்கி தயாரிக்கும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தின் பார்வையில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் அடக்கம். பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதற்கும் உரிமம் தேவை. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு. ஆயுள் வரை போகலாம். பிரின்டரில் செய்தாலும், பட்டறையில் செய்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்.

கணினிக் கோப்பைப் பற்றி அந்தச் சட்டம் தனியாக எதுவும் பேசவில்லை. 1959-ல் யாரும் இதைக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் அடைத்த அந்த இடைவெளியை இங்கேயும் அடைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு கோப்பு

'இவ்வளவு ஆபத்தென்றால் பிரின்டரையே தடை செய்துவிடலாமே?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் 2013-ல் வெளிவந்த இன்னொரு கோப்பைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தென் ஆப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ், மரம் அறுக்கும்போது விரல்களை இழந்தார். செயற்கை விரல் விலையைக் கேட்டு மலைத்துப்போனவர், அமெரிக்காவில் இருந்த ஐவன் ஓவன் என்ற கலைஞரைத் தொடர்புகொண்டார். இருவரும் சேர்ந்து 3டி பிரின்டரில் செயற்கைக் கை ஒன்றை உருவாக்கினார்கள். விரல்கள் இல்லாமல் பிறந்த ஒரு சிறுவனுக்கு அதைப் பொருத்தினார்கள். பிறகு காசு பார்க்காமல், வடிவத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள். அந்தப் பொறியிலிருந்து எழுந்ததுதான் 'இ-நேபிள்' என்ற தன்னார்வலர் அமைப்பு. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டு பிரின்டரில் கை அச்சிட்டு, முன்பின் தெரியாத குழந்தைகளுக்கு அனுப்புகிறார்கள். 2020 கொரோனா காலத்தில் மருத்துவர்களுக்கு முகக்கவசத் தட்டுப்பாடு வந்தபோதும் இப்படி வீட்டு பிரின்டர்கள்தான் இரவு பகலாக ஓடின.

அதே 2013. அதே வகை இயந்திரம். அதே போல் இலவசமாகப் பறந்த கோப்பு. ஒன்று துப்பாக்கி, இன்னொன்று கை.

நம் சென்னையிலும் இந்தத் தொழில்நுட்பம் வேர் விட்டிருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 2021-ல் திறக்கப்பட்ட வீடு, அங்கு படித்தவர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம் கான்கிரீட்டை அடுக்கடுக்காக அச்சிட்டுக் கட்டியது. அதே ஐஐடியில் வளர்ந்த 'அக்னிகுல் காஸ்மோஸ்' நிறுவனம், ஒரே துண்டாக 3டி முறையில் அச்சிட்ட ராக்கெட் இன்ஜினை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறக்கவிட்டது. நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் மத்திய அரசு அமைத்திருக்கும் 'அடல் டிங்கரிங் லேப்' ஆய்வகங்களிலும் 3டி பிரின்டர் உண்டு. அரசுப் பள்ளி மாணவி தன் முதல் கண்டுபிடிப்பைக் கையில் பிடித்துப் பார்ப்பது அங்கேதான். தடை போட்டால் முதலில் அவள் கைதான் வெறுமையாகும். கெட்ட எண்ணம் உள்ளவருக்குச் சாதாரணப் பொருட்களே போதும் என்பதை நாரா நகரம் காட்டிவிட்டது.

பெற்றோர்கள், ஆசிரியர்கள் கவனத்துக்கு...

வீட்டில் பிரின்டர் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கண் மட்டும் இருக்கட்டும்.

* பிரின்டரைக் கூடத்திலோ, எல்லோரும் புழங்கும் இடத்திலோ வைப்பது நல்லது. என்ன அச்சாகிறது என்று சாதாரணமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேவு பார்ப்பதுபோல் இருந்தால் பிள்ளைகள் ஒளிக்கத் தொடங்குவார்கள்.

* தெரிந்த, நம்பகமான தளங்களிலிருந்து மட்டும் கோப்புகளை எடுக்கப் பழக்க வேண்டும். ஆயுதப் பாகம் என்று தெரிந்த கோப்பை, 'சும்மா பார்க்கத்தான்' என்றுகூட இறக்க வேண்டாம். நண்பர்களுக்கு அனுப்பவும் வேண்டாம்.

* நிஜம்போல் தோன்றும் பொம்மைத் துப்பாக்கியை அச்சிட்டு வெளியே கொண்டுபோவதும் ஆபத்து. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனை நிஜத் துப்பாக்கி என்று நினைத்துப் போலீஸ்காரர் சுட்டுக் கொன்றார். விமானப் பயணத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கி வைக்கவும் அனுமதி இல்லை.

* பள்ளி ஆய்வகத்தில் யார், எப்போது, எதை அச்சிட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் போதும், பாதிப் பிரச்னை வராது.

* பிரின்டரின் முனை கையைச் சுட்டுவிடும் அளவுக்குக் கொதிக்கும். உருகும் பிளாஸ்டிக்கின் புகையும் உடம்புக்கு நல்லதல்ல. காற்றோட்டமான இடத்தில் வைத்து, சிறுவர்களைத் தனியாக விடாமல் இருப்பது அவசியம். சராசரி வீட்டில் துப்பாக்கியைவிட இந்தச் சூடும் புகையும்தான் அன்றாட ஆபத்து.

* பிள்ளையின் பேச்சில் திடீரென ஒரு மதத்தின் மீதோ, சாதியின் மீதோ, பெண்கள் மீதோ கசப்பு ஏறுகிறதா? நண்பர்களை விட்டு ஒதுங்கி, இரவெல்லாம் முகம் தெரியாதவர்களோடு இணையத்தில் கிடக்கிறானா? ஆயுத வீடியோக்களில் மூழ்கியிருக்கிறானா? பிரின்டரைப் பிடுங்குவதற்கு முன் உட்கார்ந்து பேச வேண்டும். தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகலாம். யாரையாவது தாக்கப்போவதாகச் சொன்னாலோ, எழுதினாலோ தயங்காமல் 112 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

ஹாலே நகரில் தாக்குதல் நடத்திய இளைஞன் தன் தாயின் வீட்டில்தான் வாழ்ந்தான். மாதக்கணக்கில் ஆயுதம் செய்தான். துப்பாக்கி அச்சாவதற்கு வெகு காலம் முன்பே அவன் மனதில் வெறுப்பு அச்சாகிவிட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் எந்த விமான நிலையத்திலும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே உட்கார்ந்து, 'என்னப்பா ஒரு மாதிரி இருக்கே?' என்று கேட்கும் ஒரு குரலுக்குத்தான் அது பிடிபடும்.